பத்துக்கு எட்டு

சிம்மக்கல்லில் மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஒரு கணினி, ஒரு சுழல்நாற்காலி,
திரையில் 'கண்ணாடி' என்றொரு ஃபோல்டர்.
உள்ளே நூற்றுப் பதினோரு ஜோடி,
ஒன்றுக்கும் முகம் கிடையாது.

வந்த படங்களிலிருந்து நான் வெட்டி எடுத்தவை.
மேலமாசி வீதி வக்கீலுடைய வட்டக் கம்பி,
காதுக்குப் பின்னால் கொக்கியாய் வளையும்.
அதைப் போட்டுக்கொண்டால் அந்தக் காலத்து ரயிலில்
நகர்ந்து இடம் கொடுப்பார்களாம்
(அவர் பேரன் சொன்னது, நம்பலாம்).
மேடையில் பேசியவர் ஒருவரின் தடித்த கறுப்பு ஃபிரேம்,
மூக்கில் இரண்டு ஜன்னலை மாட்டியது போல.
மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியவர்
ஸ்டிக்கரைக் கிழிக்காமலே போட்டுக்கொண்ட
பழுப்புச் சதுரம்.
சித்திரைத் திருவிழாவில் இருபது ரூபாய்க்கு விற்ற
பச்சை பிளாஸ்டிக்.

எண்பத்து மூன்றாவது மட்டும்
பூனைக் கண் போல ஓரம் மேலேறியது.
ஞானசௌந்தரி டீச்சர், 1964.
பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டு
தனியாக எடுத்துக்கொண்ட படம்.

காதணி விழா, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி,
எதற்கு வந்தாலும் காசு கொடுக்கும்போது குரல் தாழும்:
"அண்ணே, ஒரு கூலிங்கிளாஸ் போட்டு விட்ருங்க."
செத்தவருக்குப் போட்டிருக்கிறேன்.
மூன்று மாதக் குழந்தைக்கும்.
ஒருமுறை, விருந்துக்கு வெட்டப்போகும் கிடாவுக்கு.

எனக்கு மைனஸ் ஐந்தரை.
கல்யாணத்தன்று ஃபோட்டோக்காரர்
"கிளார் அடிக்குது, கழட்டுங்க மாப்ள" என்றார்.
ஆல்பம் முழுக்க நான்
சுபாஷிணி இருக்கும் திசையைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒச்சம்மாள் வந்தாள்.
உசிலம்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவள்.
தங்கை மகனுக்குக் காதுகுத்து.
பென்டிரைவில் தாய்மாமன் வரிசைக்கு ஏழு படம்.
கேட்காமலே ஆறு பேருக்கு ஏவியேட்டர் மாட்டினேன்.
ஏழாவது, அவள்.

"இது கீழ, பொம்பளைங்க வரிசைல வரணும்ல?"
"எதுக்கு?
எங்கப்பனுக்கு ஆம்பளப் பிள்ள இல்ல.
இவிங்க பூராம் சித்தப்பன் பெரியப்பன் மக்க.
தோடு நாந்தேன் எடுத்துருக்கேன், கிடா நாந்தேன்,
மடியில வச்சுக் குத்துறதும் நாந்தேன்.
அப்ப யாருண்ணே மாமன்?"

என் மவுஸ் அங்கேயே நின்றது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
ஃபோல்டரை அவளே உருட்ட ஆரம்பித்தாள்.
ஏவியேட்டர் வேண்டாம்,
"வண்டிய மறிக்கிறவிங்க மூஞ்சி."
வட்டத்தில் கோர்ட்டு வாடை அடிக்கிறது.
சதுரத்தைப் போட்டுப் பார்த்து
தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.
எண்பத்து மூன்றில் விரல் நின்றது.

"இது யாரோடது?"
"ஒரு டீச்சர்."
"அடிக்கிற டீச்சரா?"
"தெரியாதும்மா."
"இருக்கட்டும். இதப் போடுங்க. கறுப்பாக்கி விட்ருங்க."

அவள் மூக்குக்கு அளவு சரியாக இருந்தது.
எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு லென்ஸை இருட்டாக்கினேன்.
எட்டு மடங்கு பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன்,
இரண்டு சில்லிலும் ஒரு துளி வெளிச்சம் மிச்சம்:
மைதானம், முக்காலி,
கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஓர் ஆள்,
உயர்த்திப் பிடித்த அவன் கை.
அழிக்க ஒரு நிமிடம் ஆகும்.
என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்,
மாட்டிக்கொண்டு பிரிண்டுக்கு அனுப்பினேன்.

இப்போது தேனி ரோட்டில், பத்துக்கு எட்டில்,
'தாய்மாமன்' என்ற எழுத்துக்கு மேலே ஒச்சம்மாள்.
அவளைக் கடக்கும்போது
டிப்பர் லாரி ஒன்று வேகம் குறைத்தது.
நாகமலைப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம்
ஃபிளெக்ஸ் உப்பி அடங்குகிறது,
அவள் கண்ணுக்குள் அந்த ஆள் கையை ஆட்டுகிறான்:
ஆடாதீங்க, ஆடாதீங்க.